'உள்ளதைத்தானே சொன்னேன்' என்னும் சாக்கு: யூத நாவடக்க நெறியில் நேரும் தவறுகள்

ஒருவரைப் பற்றிக் குறை பேசிவிட்டு, "உள்ளதைத்தானே சொன்னேன்" என்று கையை உதறிக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். யூத மரபில் இந்தச் சாக்கு செல்லாது. தீய நாவு என்று பொருள்படும் 'லஷோன் ஹரா' என அது விலக்குவது, உண்மையாக இருந்தும் ஒருவரைத் தாழ்த்துகிற பேச்சைத்தான். பொய்ப்பழிக்கும் கோள் மூட்டுவதற்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

வாயைத் திறக்காதவரை தப்பில்லை என எண்ணுவது அடுத்த தவறு. "அவரைப் பற்றிய பேச்சே வேண்டாம், நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை" என்று ஒருவர் நிறுத்திக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் மிச்சத்தைத் தாமே கற்பனை செய்துகொள்வார். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் இதைத் தீய நாவின் 'தூசு' என்ற வகையில் சேர்த்தார். ஒருவரை அவருடைய பகைவர் முன்னிலையில் புகழ்வதும் அதே தூசுதான், ஏனெனில் அந்தப் புகழே அவர்களை வசைபாடத் தூண்டிவிடும். கேட்டவருக்கும் இதில் பங்குண்டு. சொன்னவர், கேட்டவர், பேசப்பட்டவர் என மூவரையும் இப்பேச்சு கொல்கிறது என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்முத்.

இதற்கு நேரெதிரான தவறு, எதையுமே சொல்லாமல் இருந்துவிடுவது. இன்றைய பெலாரசில் உள்ள ராடின் என்ற சிற்றூரில் வாழ்ந்தவரும், 1873இல் வெளியிட்ட தமது நூலின் பெயராலேயே 'ஹஃபெட்ஸ் ஹயிம்' என்று அறியப்படுபவருமான ரப்பி (யூத மதகுரு) இஸ்ரேல் மெயிர் ககன், கூட்டு வணிகத்தில் இறங்கப் போகிறவர் ஏமாறாமல் இருக்க எச்சரிப்பது போன்ற பயனுள்ள பேச்சை அனுமதித்தார். ஆனால் செய்தியைத் தாமே உறுதிசெய்திருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, பழைய வஞ்சம் உள்ளே இருக்கக் கூடாது என்று அவர் விதித்த நிபந்தனைகளைப் படித்தால், நமது 'நல்லெண்ண எச்சரிக்கைகளில்' எத்தனை தேறும் என்பது ஐயமே.

யூத நாட்காட்டியில் தன்னைத் தானே கணக்குப் பார்க்கும் எலுல் மாதத்திலும், அதையடுத்து வரும் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பிலும் நேரும் தவறு வேறு. அன்றைய பாவ அறிக்கையில் மார்பில் தட்டிக்கொண்டு சொல்லும் வரிகளில் தீய நாவும் கோளும் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. அவற்றைச் சொல்லி முடித்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துவிடுவது எளிது. மனிதருக்கு மனிதர் இழைத்ததை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாள் மன்னிப்பதில்லை என்று தல்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே "தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால்" என்று பொத்தாம்பொதுவாக எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புவது, என் பார்வையில், மன்னிப்புக் கேட்பதாகாது.

தம்மைப் பற்றிப் பேசியது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாதென்றால்? அப்போதும் அவரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ககன். ஒழுக்கப் பயிற்சியை வலியுறுத்திய யூத இயக்கமான முஸார் இயக்கத்தின் முன்னோடியான ரப்பி இஸ்ரேல் சலாந்தர் இதை ஏற்கவில்லை என்று சொல்லப்படுகிறது: உன் மனச்சுமையை இறக்குவதற்காக, அறியாமல் நிம்மதியாக இருப்பவரை நோகடிக்க உனக்கு என்ன உரிமை என்பதே அவர் கேள்வி.