ஒரே கட்டடத்துல அங்கன்வாடியும் ஊர் வகுப்பும் நடத்தப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிராதீங்க

ஊருக்குள்ள நல்ல கட்டடம் ஒண்ணு இருந்தா அதுலயே எல்லாத்தையும் நடத்திரலாம்னு தான் யாருக்கும் தோணும். காலைல அங்கன்வாடி, சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன், ராத்திரி பெரியவங்களுக்கு எழுத்தறிவு வகுப்பு, நடுவுல மகளிர் குழு கூட்டம். செங்கல் சிமெண்ட் விக்கிற விலைக்கு ஒவ்வொண்ணுக்கும் தனியா கட்ட யாரால முடியும், சேந்து தான் பொழங்கணும். ஆனா மேலூர், உசிலம்பட்டி பக்கமெல்லாம் நான் பாத்த வரைக்கும் இந்த ஏற்பாடு சண்டைல முடிஞ்சா அதுக்கு இடம் பத்தலங்கறதை விட சாமான் எங்க வைக்கிறது, சாவி யாருகிட்ட இருக்கறதுனு முன்னாடியே பேசாதது தான் காரணமா இருக்கு.

சாமான்ல இருந்தே வர்றேன். பிளான் போடும்போது ஹால் எத்தனை அடிக்கு எத்தனை அடினு எல்லாரும் கேப்பாங்க, ஸ்டோர் ரூம்னு கேட்டா மாடிப்படிக்கு அடியில ஒரு பொந்தைக் காட்டுவாங்க. அங்கன்வாடில அரிசி, பருப்பு, எண்ணெய், சத்துமாவு பாக்கெட்டு, முட்டை, எடை மெஷினு, பாய், விளையாட்டுச் சாமான்னு எம்புட்டு கெடக்கு தெரியுமா. அம்புட்டுக்கும் ரிஜிஸ்டர்ல கணக்கு இருக்கு, ஒரு கிலோ பருப்பு கொறைஞ்சாலும் டீச்சர் தான் பதில் சொல்லணும். அப்படி இருக்கையில ராத்திரி அதே ரூமை இன்னொருத்தருக்குத் தொறந்து விடுங்கனா அவுக எப்படி சம்மதிப்பாக? உடனே "அந்தம்மா ரொம்பத்தான் பண்ணுது"னு ஊருக்குள்ள பேச்சு கெளம்பும், அது சுத்த அநியாயம். அங்கன்வாடி ஸ்டோருக்குத் தனி கதவு தனி பூட்டு, மத்த ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பீரோ, இது இல்லாம ஆரம்பிக்கவே செய்யாதீங்க. மூட்டையைத் தரையில போடாம பலகை மேல வையுங்க, ஈரமும் எலியும் சேந்தா ஒரு மழைக்காலம் தாங்காது.

இன்னொண்ணு, அங்கன்வாடிக்கு 600 சதுர அடிக்குக் கொறையக்கூடாது, சமையக்கட்டு, ஸ்டோரு, பிள்ளைகளுக்கு ஏத்த கழிப்பறை, விளையாட இடம் எல்லாம் இருக்கணும்னு அங்கன்வாடிகளை நடத்துற ஐ.சி.டி.எஸ் திட்டத்தோட வழிகாட்டுதல்லயே இருக்கு. அந்த 600 அங்கன்வாடிக்கு மட்டும் உண்டானது, அதைக் கூறு போட்டு மூணு வகுப்பு நடத்தலாம்னு கணக்கு போடுறது தப்பு.

அடுத்து நேரம். ரெண்டு வகுப்புக்கு நடுவுல இடைவெளியே விடாம டைம்டேபிள் போடுவாங்க. சின்னப் பிள்ளைக போன பெறகு கூட்டணும், பாய் சுருட்டணும், சோத்துப் பருக்கை தொடைக்கணும், அரை மணி நேரமாவது வேணாமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊருக்குள்ளயே வகுப்பு நடத்துற இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021ல வந்தப்ப சாயங்காலம் 5ல இருந்து 7 வரைனு வச்சாங்க, அந்த மாதிரி நேரம் ஒத்து வரும். மதியம் சாப்பிட்டு பிள்ளைக தூங்குற நேரத்துல பக்கத்து ரூம்ல குழு கூட்டம் போட்டு, நடுவுல பிளைவுட் தடுப்பு இருக்குல்லனு சொல்றது வேலைக்காகாது, தடுப்பு கண்ணை மறைக்குமே தவிர சத்தத்தை மறைக்காது. புதன்கிழமை தடுப்பூசி நாளு, நர்ஸம்மா வருவாக, கைப்பிள்ளைக்காரிக வருவாக, அன்னைக்கு வேற எதையும் வச்சிராதீங்க.

பெரியவங்க வகுப்பு ஏன் நாலு நாள்ல காலியாகுதுனு ஒரு தடவை ராத்திரி போய் உக்காந்து பாருங்க, புரிஞ்சிரும். பகல்ல ஜன்னல் வெளிச்சம் போதும்னு ஒரே ஒரு பல்பு மாட்டிருப்பாங்க. நாப்பது தாண்டுனவங்களுக்கு கிட்டப் பாக்குறதே மங்கும், அந்த மங்கல் வெளிச்சத்துல "அ" எங்க "ஆ" எங்க. களையெடுத்துட்டு வந்த மூட்டுவலிக்காரம்மா தரையிலயும் உக்கார முடியாது, பிள்ளைக நாற்காலிலயும் உக்கார முடியாது, வெளிய சொல்ல வெக்கப்பட்டு மறுநாள் வராம இருந்திருவாங்க. கழிப்பறையும் அப்படித்தான், பிள்ளைக சைஸ்ல மட்டும் கட்டி வச்சா வந்தவங்க எங்க போவாங்க, பெரியவங்களுக்குத் தனியா ஒண்ணு, அதுக்கு வெளிப்பக்கமா வாசல் வையுங்க, பகல்ல கண்டவங்க பிள்ளைக இருக்கற ஹாலுக்குள்ள நடந்து போகக்கூடாது.

சமையக்கட்டு விஷயத்துல மட்டும் எந்த சமாதானமும் பேசாதீங்க. 2004 ஜூலை 16ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல சமையல் நடந்த எடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைக போச்சு. சிலிண்டரை ஹாலுக்குள்ள வைக்காதீங்க, வெளிய போக ரெண்டு வழி வேணும், அந்த ரெண்டாவது வழியில பந்தல் நாற்காலியை அடுக்கி அடைச்சிராதீங்க. சின்னப் பிள்ளைகளை மாடில போடாதீங்க, அதுவும் தகர ஷீட்டுக்கு அடில மதுரை வெயில்ல வேண்டவே வேண்டாம்.

நாற்காலினு சொன்னதும் தான் நெனப்பு வருது, காதுகுத்து! நம்ம பக்கம் சும்மா கெடக்கற ஹாலை விட்டு வைப்பாங்களா. வாடகை வரும்னு தலைவரும் தலையாட்டுவாரு, மறுநாள் காலைல வந்து பாத்தா எச்சி இலையும் பாட்டிலும் கெடக்கும், சுவத்துல ஒட்டுன சார்ட்டு பூராவும் கிழிஞ்சு தொங்கும். விசேஷத்துக்கு இல்லனு மொதல்லயே முடிவு எடுங்க, பெறகு எடுக்க முடியாது.

இது எதையுமே வாய்வார்த்தையா விடாதீங்க. கட்டடம் ஊராட்சி பேர்ல இருக்கா அங்கன்வாடித் துறைகிட்ட இருக்கானு பாத்து, குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர்கிட்ட அனுமதியை எழுத்துலயே கேட்டு வாங்குங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு கிராம சபை வருதுல்ல, அதுல ஒண்ணுல தீர்மானமா போடுங்க, சாவி யாருகிட்ட, கூட்டுறது யாரு, கரண்ட் பில்லு யாரு கட்டுறது, ஒடைஞ்சா யாரு செலவுனு ஒண்ணு விடாம. அதுல ஒரு காப்பியை ஹால் சுவத்துலயே ஒட்டி வையுங்க, கொஞ்சம் ஒசரத்துல, இல்லனா பிள்ளைக ஒரே நாள்ல கிழிச்சுப் போட்டுரும்.