வேலையை விட்டு ஆசிரியராக: பி.எட். சேரும் முன் பார்க்க வேண்டியவை

14 வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. 38 வயதில் அதை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தேன். இப்போது எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். "இந்த வயதில் முடியுமா?" என்று தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பை 2023இல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்திவிட்டார்கள்.

முதலில், வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பி.எட். முடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த வழி, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான். நமக்கு 2 வருட நேரடிப் படிப்புதான். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90. "காலேஜுக்கு வரவே வேண்டாம், சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று அழைப்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். 2 வருடக் குடும்பச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு வேலையை விடுங்கள்.

அடுத்து, பட்டப்படிப்பில் எது முதன்மைப் பாடமோ அதையே பி.எட்.டிலும் கற்பித்தல் பாடமாக எடுங்கள். பட்டத்தின் பெயர் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால், அது எந்தப் பட்டத்துக்கு இணையானது என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். நம் விஷயத்தில் பி.எட்.டும் அதில் அடக்கம். நான் பள்ளி, கல்லூரி எல்லாம் தமிழ் வழிதான். பி.எட். விண்ணப்பத்தில் பயிற்று மொழி என்ற கட்டத்தில் ஆங்கிலம் என்று குறித்திருந்தேன். நல்லவேளை, சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு அக்கா சொல்லி மாற்றிக்கொண்டேன்.

அப்புறம், தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். என் தொடக்கப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். பழைய சேர்க்கைப் பதிவேடு எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே நான்கு முறை அலைந்தேன். பள்ளிச் சான்றுக்கு இப்போது இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் பதிவேட்டில் நம் பெயர் இருந்தால்தான் கிடைக்கும். தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முதல் வருட விடுமுறையிலேயே போய் வாங்கிவிடுங்கள்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுண்ணிலைக் கற்பித்தல் என்று, சில நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பார்க்கும் பயிற்சி உண்டு. அதில் கூடப் படிப்பவர்களே மாணவர்களாக உட்காருவார்கள். கூச்சம் போய்விடும். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில். அதற்கு முன் கரும்பலகையில் எழுதிப் பழகுங்கள். கம்ப்யூட்டரில் 14 வருடம் வேலை பார்த்த கைக்கு நேர்கோட்டில் எழுதவே ஒரு மாதம் ஆனது. கடையில் வாங்கும் சார்ட் எனக்குப் பிடிக்காது. பின்னம் நடத்த ஒரு சப்பாத்தி போதும், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

பிறகு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணக்கும் அறிவியலும் சேர்த்து 60. சமூக அறிவியல்காரர்களுக்கு அந்த 60ம் அவர்கள் பாடத்தில் வரும். கைடு வாங்காதீர்கள். ஆறு முதல் பத்து வரையுள்ள பாடப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். டெட் தேர்ச்சி மட்டும் அரசு வேலை ஆகாது, அதற்கு மேல் நியமனப் போட்டித் தேர்வும் உண்டு. டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவது நல்லது.

பின்சேர்க்கை: இதைப் படித்த பொறியியல் பட்டதாரிகள் சிலர் தங்களுக்கு வழி உண்டா என்று கேட்டார்கள். உண்டு. பி.எட். முடித்த பி.இ. பட்டதாரிகள் டெட் எழுதி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு ஆசிரியராகலாம் என்று 2019இல் அரசு அறிவித்திருக்கிறது. அந்த ஆணையின் நகல் ஒன்றை எடுத்து, மற்ற சான்றிதழ்களோடு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.