லிஃப்ட் அதிருதுன்னா மொதல்ல டிரைவ்ல கை வைக்காதீங்க

ரங்கூன்ல எட்டு பத்து மாடிக் கட்டடம் எங்க போனாலும் இதே கம்ப்ளைன்ட்தான், கிளம்பும்போது குலுக்குது, நடுவுல அதிருது, நிக்கும்போது வெட்டி நிக்குது. வர்ற மெக்கானிக் தம்பி நேரா மெஷின் ரூமுக்கு ஏறி டிரைவோட (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) கீபேட்ல ஸ்பீடு லூப் கெயினை (வேகம் தப்பினா டிரைவ் எவ்வளவு பலமா திருத்தணும்ங்கிற செட்டிங்) மாத்த ஆரம்பிச்சிடுறாரு, பழைய வேல்யூவ ஒரு போட்டோகூட எடுக்காம. அப்புறம் எது ஒரிஜினல்னு யாருக்கும் தெரியாது, அடுத்து வர்றவரும் அதுக்கு மேலயே மாத்துவாரு.

மொதல்ல கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ஸ்பீடு மாறினா அதிர்வும் மாறுதா? போனை கைல பிடிக்காம கேபின் தரையில வச்சு அதிர்வு அளக்கிற ஆப்ல ஃபுல் ஸ்பீடுல ஒரு தடவை, பாதி ஸ்பீடுல ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணுங்க. லிஃப்ட் அதிர்வை அளக்கிறதுக்கான சர்வதேச தரம் ஐஎஸ்ஓ 18738 சொல்ற மீட்டர் அளவுக்கு வராதுதான், ஆனா எத்தனை ஹெர்ட்ஸ்னு, அதாவது செகண்டுக்கு எத்தனை அதிர்வுன்னு, பாக்க போதும். பாதி ஸ்பீடுல ஹெர்ட்ஸும் பாதியானா சுத்துற சாமான் எதிலயோ கோளாறு, ஷீவ் (ரோப்பை இழுக்கிற சக்கரம்), பேரிங், என்கோடர் (மோட்டார் சுத்தை அளக்கிற சென்சார்) கப்ளிங், கைடு ரோலர் (ரெயில் மேல உருளுற கேபின் சக்கரம்) இப்படி. ஸ்பீடு மாறியும் ஹெர்ட்ஸ் அப்படியே நின்னா கெயின் ஜாஸ்தியா இருக்கும், இல்லன்னா ஃபிரேமோட ரெசனன்ஸ் (ஃபிரேம் தன்னோட இயல்பான அதிர்வுல ஆடுறது).

கணக்கு போட்டுப் பாருங்க. ஷீவ் விட்டம் 400 மில்லிமீட்டர், ரோப் 2:1 (கேபின் 1 மீட்டர் போனா ரோப் 2 மீட்டர் ஓடும்), கேபின் செகண்டுக்கு 1 மீட்டர் போகுதுன்னா ஷீவ் செகண்டுக்கு 1.6 சுத்து. போன்ல 1.6 ஹெர்ட்ஸ்ல பீக் வந்தா ஷீவையும் என்கோடர் சென்டரையும் பாருங்க, கெயின்ல ஒண்ணும் இல்ல. அதே ஸ்பீடுல 5 செகண்டுக்கு ஒரு தடவை டக்குனு தட்டுதுன்னா அது ரெயில் ஜாயின்ட், ஏன்னா ரெயில் நீளம் பொதுவா 5 மீட்டர்.

கரன்ட் கட்டாகி லிஃப்ட் ஒரே இடத்துல மணிக்கணக்கா நிக்கிற ஊர் இது. பாலியூரித்தேன் ரோலர் ரெயில்ல அழுந்தி ஒரு பக்கம் தட்டையாயிடும், கரன்ட் வந்ததும் கொஞ்ச நேரம் தடதடன்னு வரும், பல தடவை ஓடினதும் தானா சரியாகலாம். அந்த நேரத்துல டியூன் பண்ணிட்டா நல்லா இருந்த டிரைவையும் கெடுத்துடுவீங்க. சரியாகலன்னா ரோலர் ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமான்னு பாருங்க, ரோப் டென்ஷன் எல்லாம் சராசரியில இருந்து 5 சதவீதத்துக்குள்ள இருக்கான்னும் பாருங்க.

ஜெனரேட்டர்ல ஓடும்போது மட்டும் குலுங்குதுன்னா மோட்டாரைத் தேடாதீங்க. சின்ன ஜெனரேட்டர்ல லிஃப்ட் ஆக்சிலரேட் ஆகுறப்ப வோல்டேஜ் இறங்கி டிசி பஸ்ஸும் (டிரைவுக்குள்ள இருக்கிற டிசி வோல்டேஜ்) விழும், டிரைவால டார்க் (சுத்துற விசை) கொடுக்க முடியாது. 400 வோல்ட் லைன்ல டிசி பஸ் 565 வாக்கில நிக்கணும், கிளம்பும்போது மானிட்டர்ல அந்த நம்பரைப் பாத்துக்கிட்டே இருங்க. விழுதுன்னா ஜெனரேட்டர்ல ஓடும்போதாவது ஸ்பீடையும் ஆக்சிலரேஷனையும் குறைங்க.

கிளம்புறப்ப மட்டும் கேபின் கொஞ்சம் இறங்கி அப்புறம் ஏறுதுன்னா பிரேக் திறக்குற டைமும் ப்ரீ டார்க்கும்தான் (பிரேக் திறக்கும் முன்னாடியே கேபினைத் தாங்க மோட்டார் கொடுக்கிற விசை) சந்தேகம். காலி கேபின்லயும் ஃபுல் லோட்லயும் எதிரெதிர் பக்கம் இழுத்தா லோட் செல் (கேபின் எடையை அளக்கிற சென்சார்) செட்டிங் தப்பு, அதுக்கு எஸ் கர்வை (வேகம் மெதுவா ஏறி இறங்குற செட்டிங்) நீட்டினா குலுக்கல் மறையும், கோளாறு அப்படியே இருக்கும்.

என்கோடர் கேபிளையும் மோட்டார் கேபிளையும் ஒரே டக்ட்ல போடாதீங்க, கேபிள் மேல இருக்கிற ஷீல்டை (உலோக வலை) எர்த் பண்ணாம தொங்க விடாதீங்க. கியர்லெஸ் மோட்டார்ல என்கோடரைக் கழட்டினா போல் ஆங்கிள் (மோட்டார் காந்தம் எந்தக் கோணத்துல இருக்குன்னு டிரைவுக்குத் தெரியுற அளவு) திரும்ப டியூன் பண்ணாம ஓட்டவே கூடாது, கரன்ட் எக்கச்சக்கமா ஏறும், தப்பான பக்கம்கூட ஓடிடும். மோட்டாரைச் சுழல வச்சு டியூன் பண்றதுன்னா ஷீவ்ல இருந்து ரோப்பை எடுத்திருக்கணும், இதுல அவசரப்பட்டா உயிர் போற விஷயம்.

டிரைவ் மூடியத் திறக்குறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணி, மேனுவல் சொல்ற நேரம் வரைக்கும் காத்திருந்து, டிசி பஸ்ஸை மீட்டர்ல அளந்து பாருங்க. லைட் அணைஞ்சுதுன்னு மட்டும் நம்பாதீங்க, கெப்பாசிட்டர்ல கொல்ற வோல்டேஜ் இருக்கும்.