கீற வராட்டியும் படம் கீறலாம்

எனக்குப் படம் கீற வராது. ரெண்டு வருசமா கிழமைக்கு ஒருக்கா திருகோணமலைக் கோட்டைக்குள்ள போய் இருந்து அங்க நிக்கிற மான்களைக் கீறுறன், இன்னும் வடிவா வரேல்ல, ஆனா அந்த நேரத்தை ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்க மாட்டன். உங்களுக்கும் பாட்டோ தையலோ ஏதாவது ஒண்டில ஆசை இருந்து, சரியா வராது எண்டு விட்டு வச்சிருந்தா இப்பிடித் தொடங்கிப் பாருங்கோ.

விலை கூடின சாமான் வாங்காதீங்கோ. நல்ல பேப்பர் எண்டா பழுதாக்கிப் போடுவமோ எண்டு கை கூசும். கோடு போடாத கொப்பி ஒண்டும் பேனையும் காணும். பென்சில் வேண்டாம், அழிறப்பர் கையில இருந்தா கீறுற நேரத்தை விட அழிக்கிற நேரம்தான் கூட, பேனையெண்டா பிழைச்ச கோடு அப்பிடியே கிடக்கும், பக்கத்தில இன்னொரு கோட்டைப் போட்டிட்டுப் போகலாம்.

20 நிமிசம் மட்டும் கீறுங்கோ. கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போற ரோட்டுக் கரையில மர நிழல்ல மான்கள் படுத்திருக்கும், பின்னேரம் வெயில் தாழப் போனா நல்லம். கொப்பியைப் பாக்காம மானை மட்டும் பாத்து, கண் போற வேகத்துக்குக் கையை விடுங்கோ. கோணலா வரும், வரட்டும். சின்ன வயசில இருந்து பாக்கிற மான்தான், ஆனா கீறத் தொடங்கினாப் பிறகுதான் முதுகு நடுவால கறுப்பா ஒரு பட்டை ஓடுறதும் அதுக்கு ரெண்டு பக்கமும் புள்ளியள் வரிசை பிடிச்சுப் போறதும் என்ர கண்ணில பட்டது. கொம்புள்ள மான் எண்டா, வளந்த கொம்பு ஒவ்வொண்டிலயும் அனேகமா மூண்டு முனை. இதையெல்லாம் கண்டுபிடிக்கிற சந்தோசத்துக்கு நல்லாக் கீறத் தெரியத் தேவையில்ல.

முடிஞ்சதும் திகதியைப் போட்டு மூடி வையுங்கோ. பேஸ்புக்கில போடாதீங்கோ, பிறகு லைக் எத்தினை எண்டுதான் மனம் ஓடும். கார்த்திகை மார்கழி மழைக்கு வெளிய போக ஏலாது, வீட்டில இருந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீறுங்கோ.

ஆக்கள் எட்டிப் பாப்பினம். எனக்கு இதுதான் பெரிய கஷ்டம், பள்ளிக்கூடத்தில ஒரு ரீச்சர் என்ர படத்தைத் தூக்கி வகுப்புக்கே காட்டிச் சிரிச்சது மனசை விட்டுப் போகேல்ல. இப்ப யாரும் கேட்டா "மான் கீறிப் பழகுறன்" எண்டு சொல்லிட்டு கையை நிப்பாட்டாம கீறுவன், நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ. போன மாசம் ஒரு சின்னப் பெடியன் கனநேரம் நிண்டு பாத்திட்டு "அன்ரி, எனக்கும் ஒரு தாள் தாங்கோ" எண்டான். கிழிச்சுக் குடுத்தன், பக்கத்தில குந்திக் கீறினான். அண்டையில இருந்து ரெண்டு பேனை கொண்டு போறன்.