‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தைக் கல்லூரி மாணவர்களுக்குத் திரையிட்டு உரையாடுவது எப்படி?

இனவெறியைப் பற்றிய வெளிநாட்டுப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினால், பெரும்பாலும் அவர்கள் மனம் கசிந்து, அந்த நாட்டில் அப்படியெல்லாம் இருந்திருக்கிறது என்று பேசிக்கொண்டே எழுந்து போய்விடுவார்கள். தருமபுரியில் அப்படி முடிந்துபோகும் திரையிடலுக்காக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாயை ஒட்டிய நத்தம் காலனி முதலிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது தொடக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைகள்தாம் இன்று இந்த மாவட்டத்தின் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஊர்த்தெருவிலிருந்து வந்தவரும் காலனியிலிருந்து வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப்போகும் படம் இது என்பதை மனத்தில் வைத்தே எல்லா ஏற்பாட்டையும் செய்ய வேண்டும்.

1967-இல் நார்மன் ஜூவிசன் இயக்கத்தில் வெளிவந்த இப்படம் ஏறத்தாழ 110 நிமிடம் ஓடும். அமெரிக்காவின் தெற்கிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், தொழிற்சாலை கட்ட வந்த ஒரு முதலாளி நள்ளிரவில் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். ரயில் நிலையத்தில் தனியே உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பினத்தவரை, அவர் பணப்பையில் கட்டாகப் பணம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கொலையாளி என்று பிடித்து வருகிறார்கள். அவரோ பிலடெல்பியா நகரக் காவல்துறையில் கொலை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி, வர்ஜில் டிப்ஸ். சிட்னி பாய்ட்டியர் டிப்ஸாகவும், ராட் ஸ்டைகர் அவ்வூர்க் காவல் தலைவர் கில்லஸ்பியாகவும் நடித்திருக்கிறார்கள். துப்பறியும் கதையாக விறுவிறுப்புடன் நகர்வதால், அறிவுரை கேட்கும் களைப்பு இல்லாமல் மாணவர்கள் இறுதிவரை உட்கார்ந்திருப்பார்கள். இப்படத்தைப் பரிந்துரைப்பதற்கு அதுவே எனக்குப் போதுமான காரணம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படம் பொருந்தாது. தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் நிர்வாணம் ஜன்னல் வழியே காட்டப்படுகிறது. கதையில் கருக்கலைப்பும் வருகிறது. எனவே கல்லூரி மாணவர்களுக்கே காட்டுங்கள். நீங்கள் ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்ட பிறகு காட்டுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவனம் தன் பணிகளின் ஒரு பகுதியாக, தன் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும்படி படம் திரையிட இடமளிக்கிறது. அதே படத்தை ஊர் மைதானத்தில் பொதுமக்களுக்குக் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். வீட்டு உபயோகத்துக்காகக் கட்டிய ஓடிடி சந்தா அதற்கு உதவாது.

கூடத்தைப் பொறுத்தவரை, இப்படத்தின் பாதிக்கதை இரவில் நடப்பதால் வெளிச்சம் புகும் அறையில் முகங்களே தெரியாது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், அல்லது மாலை ஆறரைக்கு மேல் தொடங்குங்கள். மிசிசிப்பி வட்டார ஆங்கிலம் நன்கு படித்தவர்களுக்கே பிடிபடாது என்பதால் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். தமிழ் சப்டைட்டில் கிடைக்காவிட்டால், கதை மாந்தரின் பெயர், அவரவர் நிறம், தொழில், யாருக்கு யார் என்ன உறவு ஆகியவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கொலையாளி யார் என்பதை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் பேசினால் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் சட்டத்தைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். உணவகங்களிலும் விடுதிகளிலும் நிற வேறுபாடு காட்டுவதை அமெரிக்கா 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தால் தடை செய்துவிட்டது. அதற்கு மூன்றாண்டு கழித்து வந்த இப்படத்தில், ஓர் உணவக ஊழியர் டிப்ஸுக்குப் பரிமாற முடியாது என்று காவல் தலைவரின் முன்னாலேயே சொல்கிறார். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததையும், அதன் பிறகும் 1955-இலும் 1989-இலும் தனித்தனியே சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்ததையும் இதனருகில் வைத்தால், டீக்கடைக் குவளைகளைப் பற்றி நீங்கள் வாய் திறக்காமலே மாணவர்களுக்கு விளங்கும். படப்பிடிப்பைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லலாம். 1964-இல் மிசிசிப்பியில் இனவெறிக் கும்பல் தம்மைத் துரத்திய அனுபவம் இருந்ததால், பாய்ட்டியர் தென்மாநிலங்களுக்கு வர மறுத்தார். ஆகவே படத்தின் பெரும்பகுதி வடக்கே இல்லினாய் மாநிலத்திலுள்ள ஸ்பார்ட்டா என்ற ஊரில் எடுக்கப்பட்டது. வளர்ந்த கறுப்பின ஆண்களையும் வெள்ளையர் சிறுவனை அழைப்பதுபோல் அழைப்பார்கள், இங்கே பெரியவரை வயதில் சிறியவர் ‘டேய்’ என்பதுபோல, என்று முன்பே சொல்லிவிட்டால், தம்மைப் பிலடெல்பியாவில் ‘மிஸ்டர் டிப்ஸ்’ என்றே அழைப்பார்கள் என்று டிப்ஸ் சினந்து சொல்லும் இடம் எவருக்கும் தவறிப்போகாது.

படம் ஓடும்போது நிறுத்தி விளக்காதீர்கள். மாறாக, ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, படத்தில் யார் நிற்கிறார்கள், யார் உட்காருகிறார்கள், யார் யாரைத் தொடுகிறார்கள், யார் பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கருத்து கேட்டால் மாணவர்கள் மனிதநேயம் பற்றிப் பாடப்புத்தக வாக்கியங்களை ஒப்பிப்பார்கள்; கண்டதைக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். டிப்ஸின் வாரச் சம்பளம் 162 டாலர் 39 சென்ட் என்று கேட்டதும் கில்லஸ்பியின் முகம் மாறுவதையும், கொல்லப்பட்ட முதலாளியின் மனைவியை நாற்காலியில் அமர்த்த டிப்ஸ் கை நீட்டும்போது ஏற்படும் தயக்கத்தையும் அவர்கள் தாமாகவே எழுதியிருப்பார்கள். அந்தப் பெண் தொழிற்சாலையை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டியதால்தான் ஊர் டிப்ஸைப் பொறுத்துக்கொள்கிறது என்பது, ஓசூர்த் தொழிற்பேட்டைகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

படம் முடிந்த பிறகு ஒரு காட்சியை மட்டும் மீண்டும் போட்டுக் காட்டுங்கள். பருத்தித் தோட்ட முதலாளி எண்டிகாட்டின் வீட்டுக்கு டிப்ஸும் கில்லஸ்பியும் போகிறார்கள். வழியெங்கும் கறுப்பின மக்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆர்க்கிட் செடிகள் வளரும் கண்ணாடிக் கூடத்தில், தன்னையே சந்தேகித்துக் கேள்வி கேட்கிறார் என்று உணர்ந்ததும் எண்டிகாட் டிப்ஸை அறைகிறார். அடுத்த நொடியே டிப்ஸ் திருப்பி அறைகிறார். நம் மாணவர்கள் இங்கே கைதட்டுவார்கள். தட்டட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் இரண்டாம் முறை காட்டும்போது, பானத் தட்டுடன் ஓரமாக நிற்கும் கறுப்பினப் பணியாளை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். திருப்பி அறைந்த டிப்ஸ் சில நாளில் ரயிலேறிப் போய்விடுவார். தட்டை ஏந்தி நிற்பவர் நாளைக்கும் அந்த வீட்டில்தான் வேலை செய்ய வேண்டும். இந்த ஒன்றை மாணவர்கள் கண்டுவிட்டால், படத்தின் மற்ற இடங்களெல்லாம் தாமே திறந்துகொள்ளும்: டிப்ஸுக்குத் தங்க இடம் கொடுக்கும் மெக்கானிக், வயலில் குனிந்திருந்தவர்கள் என ஒவ்வொருவராக நினைவுக்கு வருவார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய், கையில் காசும் நல்ல சட்டையுமாகப் பண்டிகைக்கு ஊர் திரும்பும் இளைஞனையும், ஊரிலேயே கூலிக்குப் போகும் அவன் தாய்தந்தையையும் பற்றிய பேச்சு இங்கிருந்து தொடங்கும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் கொடுங்கள்.

அதே காட்சியைத் தொடர்ந்து, எண்டிகாட்டை எப்படியாவது கவிழ்த்துவிட வேண்டும் என்ற வேகம் டிப்ஸைப் பிடித்துக்கொள்கிறது. நீயும் எங்களைப் போலத்தான் என்று கில்லஸ்பி சொல்கிறார். எண்டிகாட்மீது டிப்ஸ் கொண்ட சந்தேகம் பிழையானது என்பது பிறகு தெரியவருகிறது. இந்த இடத்தில் யாராவது ஒருவர், அப்படியானால் இரு தரப்பும் ஒன்றுதான் என்று கட்டாயம் சொல்வார். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். டிப்ஸின் தவறான கணிப்பால் எண்டிகாட் சிறைக்குப் போகவில்லை. ஊராரின் தவறான கணிப்பால் டிப்ஸ் முதல் இரவே துப்பாக்கி முனையில் சுவரோடு நிறுத்தப்பட்டார். வெறுப்பு இரண்டு பக்கமும் இருக்கலாம், அதிகாரம் ஒரு பக்கம்தான் இருந்தது என்பதை மாணவர்களைக் கொண்டே சொல்ல வையுங்கள்.

கடைசிக் காட்சியில் கில்லஸ்பி டிப்ஸின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வருவது உண்மையிலேயே அழகான இடம். ஆயினும் அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று மாணவர்கள் ஆறுதல் கொள்வதை நான் விரும்புவதில்லை. மறுநாள் காலை அந்த உணவகத்தில் ஒரு கறுப்பினத் தொழிலாளிக்குப் பரிமாறுவார்களா என்று கேளுங்கள். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளை இது வென்றது, சிறந்த நடிகர் விருது ஸ்டைகருக்குப் போனது, பாய்ட்டியர் இந்தப் படத்துக்காகப் பரிந்துரைக்கப்படக்கூட இல்லை என்பதையும் அப்போது சொல்லலாம்.

நம் ஊர்ப் பேச்சுக்கு வரும்போது இரண்டு விதிகளில் உறுதியாக இருங்கள். எந்தச் சாதியின் பெயரையும் அவையில் சொல்லக் கூடாது. எவரையும் எழுப்பி, உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. பாதிக்கப்பட்ட மாணவரைச் சாட்சியாக நிறுத்துவது அவருக்கு மறுபடியும் இழைக்கும் கொடுமை. பேச விரும்பாதவர்கள் பெயரில்லாமல் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அவற்றை நீங்கள் மட்டும் படித்து, ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டாத வரிகளை மட்டும் வாசியுங்கள். பிறகு எல்லாத் தாள்களையும் அங்கேயே அழித்துவிடுங்கள். இப்போதும் தமக்கு நடந்துகொண்டிருக்கும் ஒரு கொடுமையைப் பற்றி மாணவர் ஒருவர் உங்களிடம் தனியே வந்து சொன்னால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதையும், அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பெறலாம் என்பதையும் தெரிவித்து, அவர் விரும்பினால் உடன் செல்லுங்கள்.