நியூமோகாக்கஸ் எதிர்ப்பொருளை எலைசாவில் அளப்பது: எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறாமல் இருக்க

நியூமோகாக்கஸ் பாக்டீரியாவில் ஏறத்தாழ நூறு வகைகள் உண்டு. ஒரு வகையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதைச் சுற்றியுள்ள பாலிசாக்கரைடு (சர்க்கரை மூலக்கூறுச் சங்கிலி) உறையாகும். தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒவ்வொரு வகை உறைக்கும் எதிராக எவ்வளவு ஐஜிஜி எனும் எதிர்ப்பொருள் உள்ளது என்பதை அளக்க உலக சுகாதார நிறுவனம் ஓர் எலைசா செய்முறையை, அதாவது எதிர்ப்பொருளை நொதியின் நிறமாற்றத்தால் அளக்கும் முறையை, வகுத்திருக்கிறது. புதிய தடுப்பூசிகளின் அனுமதி பெரும்பாலும் இந்த அளவையே சார்ந்திருப்பதால், லண்டனில் கிடைக்கும் எண் புனேயிலும் கிடைத்தாக வேண்டும்.

முதலில், 96 குழித் தட்டில் ஒரு வகையின் பாலிசாக்கரைடைப் பூசி, ஈரப்பதமுள்ள பெட்டியில் 37 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் வைக்கவும். பூச வேண்டிய அடர்த்தி வகைக்கு வகை மாறும் என்பதால், பாலிசாக்கரைடின் புதிய தயாரிப்புத் தொகுதி (லாட்) வரும்போதெல்லாம் அதைச் சோதித்து முடிவு செய்ய வேண்டும். ஈரப்பதம் குறைந்தால் ஓரக் குழிகள் முதலில் உலரும். அந்தத் தட்டின் ஓரங்களில் வரும் அளவுகளை நம்ப முடியாது.

அடுத்து வருவது உறிஞ்சுதல், அதாவது வேண்டாத எதிர்ப்பொருளை அளப்பதற்கு முன்பே பிணைத்து விலக்குவது. பிழையின் பெரும்பகுதி இங்கேதான் நுழைகிறது என்பது என் கருத்து. விற்பனைக்கு வரும் உறைப் பாலிசாக்கரைடு எதுவும் முற்றிலும் தூய்மையானதல்ல. பாக்டீரியாவின் செல்சுவரைச் சேர்ந்த சி-பாலிசாக்கரைடு அதில் ஒட்டிக்கொண்டே வரும். நம்மில் பெரும்பாலோரின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருப்பதால், அதை நீக்காமல் அளந்தால் பாதுகாப்புக்கு உதவாத எதிர்ப்பொருளும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே சோதனைச் சீரத்தை சி-பாலிசாக்கரைடு கலந்த கரைசலில் 50 மடங்கு நீர்த்து வைக்கவும். அது மட்டும் போதாது என்பது, குறிப்பாகப் பெரியவர்களின் சீரத்தில், பின்னர் தெரியவந்தது. அதனால்தான் பாலிசாக்கரைடைப் புரதத்தோடு இணைத்த கான்ஜுகேட் தடுப்பூசிகளில் அப்போது இடம்பெறாத 22எஃப் வகையின் பாலிசாக்கரைடையும் சேர்த்து உறிஞ்சும் முறை வந்தது. 22எஃப் வகைக்கான எதிர்ப்பொருளையே அளக்கும்போது இதைப் பயன்படுத்த முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வகையும் கான்ஜுகேட் தடுப்பூசிகளுக்குள் வந்துவிட்ட இக்காலத்தில் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும், எதிர்ப்பொருள் அளவு தெரிந்த மேற்கோள் சீரத்துக்கு மட்டும் 22எஃப் சேர்க்கக் கூடாது. அதற்கான அளவுகள் சி-பாலிசாக்கரைடை மட்டும் கொண்டு உறிஞ்சிய நிலையில் வகுக்கப்பட்டவை. நெடுங்காலம் பயன்பட்ட 89-எஸ்எஃப் என்ற மேற்கோள் சீரத்தின் இருப்பு குறைந்ததால், 23 வகைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட 278 பெரியவர்களின் சீரத்தைத் திரட்டி 007எஸ்பி உருவாக்கப்பட்டது. பழையதோடு ஒப்பிட்டே புதியதற்கு வகைவாரியான மதிப்புகள் தரப்பட்டன. எனவே இரண்டின் மதிப்புப் பட்டியலையும் கலந்து பயன்படுத்த வேண்டாம்.

பிறகு நீர்த்தல் வரிசையைத் தட்டில் இட்டு, நொதி இணைத்த ஐஜிஜி எதிர்ப்பொருளையும் நிறமூட்டும் பொருளையும் முறையே சேர்த்து, 405 நானோமீட்டரில் ஒளியடர்த்தியைப் படிக்கவும். கழுவும் படிகளில் அவசரம் வேண்டாம்.

கணக்கிடும்போது, சோதனைச் சீரத்தின் வளைகோடு மேற்கோள் சீரத்தின் வளைகோட்டுக்கு இணையாகச் செல்கிறதா என்று பாருங்கள். 50 மடங்கு நீர்த்தலில் மில்லிக்கு 0.4 மைக்ரோகிராமும், 125 மடங்கில் 0.6 மைக்ரோகிராமும், அதற்கடுத்ததில் 0.9 மைக்ரோகிராமும் வருவதாக வைத்துக்கொள்வோம்; இப்படி ஏறினால் வளைகோடுகள் இணையாக இல்லை என்று பொருள், எனவே அவற்றின் சராசரியை எடுத்து எழுதிவிடுவது தவறு. சீரத்தை மறுபடி உறிஞ்சிச் சோதிக்க வேண்டும். அப்போதும் ஏறிக்கொண்டே போனால் அந்த முடிவை வெளியிடக் கூடாது.

ஆய்வகத்தின் தகுதியைச் சோதிக்க, மதிப்பு ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட 12 சீரங்களின் தொகுதி உதவும். ஒவ்வொரு வகைக்கும் அவற்றில் குறைந்தது 9 சீரங்களின் முடிவாவது அந்த மதிப்பிலிருந்து 40 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும். இந்த அளவுகோல் சற்றுத் தாராளமாகவே தோன்றும். எலைசாவின் இயல்பை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

பாதுகாப்பைக் கணிக்கப் பயன்படும், மில்லிக்கு 0.35 மைக்ரோகிராம் ஐஜிஜி என்ற எல்லைக்கோடு, வட கலிபோர்னியா, அமெரிக்கப் பழங்குடிகள், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று தடுப்பூசி ஆய்வுகளின் தரவைச் சேர்த்துக் குழந்தைகளுக்காகக் கணிக்கப்பட்டது. அது ஒரு மக்கள்தொகையின் எல்லையே தவிர, தனியொரு குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதைச் சொல்லாது. உங்கள் செய்முறை உலக சுகாதார நிறுவனத்தின் முறையிலிருந்து மாறினால், இரண்டையும் ஒரே சீரங்களில் ஒப்பிட்டு உங்களுக்கான எல்லையைக் கண்டறியுங்கள்.

அளவு மட்டும் போதாத வகைகளும் உண்டு. 19எஃப் கொண்ட ஏழு வகைத் தடுப்பூசி, 19ஏ வகைக்கு எதிராகவும் எலைசாவில் தெரியும் ஐஜிஜியை உண்டாக்கியது. ஆயினும் அந்த எதிர்ப்பொருள் பாக்டீரியாவை விழுங்கி அழிக்க வெள்ளணுக்களுக்குப் பெரிதாக உதவவில்லை, 19ஏ நோயும் கட்டுப்படவில்லை. இத்தகைய குறுக்கு வினையை மதிப்பிடும்போது, எச்எல்-60 செல்களையும் (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வெள்ளணு வகை) குட்டி முயலின் காம்ப்ளிமென்டையும் (எதிர்ப்பொருளுக்குத் துணைபுரியும் இரத்தப் புரதங்கள்) கொண்டு, வெள்ளணுக்கள் பாக்டீரியாவை விழுங்கி அழிப்பதை அளக்கும் ஆப்சோனோஃபேகோசைட்டிக் சோதனையையும் சேர்த்தே நடத்தவும். பாக்டீரியாவில் பாதியைக் கொல்லும் நீர்த்தல் அளவை எலைசா முடிவுக்கு அருகிலேயே பதிவு செய்யவும்.