கோவா அழிந்த பாத்தியிலிருந்து காரணத்தைக் கண்டறிவது எப்படி

நுவரெலியாவிலோ வெலிமடையிலோ ஒரு போகக் கோவா (முட்டைக்கோஸ்) முழுவதையும் இழந்தவர், அடுத்த நாற்றுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அழிந்த செடிகளைக் கொத்திப் புரட்டிவிடாமல் சிலவற்றையாவது வேரோடு பிடுங்கிப் பார்க்க வேண்டும். நட்டம் வந்தவுடன் விதையையோ மருந்துக் கடைக்காரரையோ குறை கூறுவது வழக்கம். வேரைப் பார்க்காத வரையில் அது வெறும் ஊகமே.

செடி நண்பகல் வெயிலில் வாடி மாலையில் தேறுவதும், வேர்கள் கட்டி கட்டியாக வீங்கியிருப்பதும் வேர்வீக்க நோயின் அடையாளங்கள். அதை உண்டாக்கும் நுண்ணுயிரி பத்தாண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிர்தரித்து, ஈரமும் அமிலத்தன்மையும் மிகுந்த இடத்தில் பெருகும். தேயிலைக்கு உகந்தது அமில மண் என்பதால், பழைய தேயிலை நிலத்தில் மரக்கறி செய்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இலைக்கு அடித்த மருந்தால் இந்நோய் தீராது. அந்தச் செலவு வீணே.

அடுத்து, ஞாபகம் மங்குவதற்குள் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: நாற்று எங்கிருந்து வந்தது, அந்தப் பாத்தியில் முன்பு என்ன விளைந்தது, மண்வெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து இரவலாக வந்தது, மழைநீர் எந்தப் பக்கமிருந்து வடிந்தது. நோய் மண்ணோடும் நீரோடும் பரவுவதால், பெரும்பாலும் இவற்றுள் ஒன்றே அது வந்த வழியைக் காட்டும். நம் கையில் இல்லாத காரணங்களைத் தனிப் பக்கத்தில் எழுதுவது நல்லது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்ட தடையால் குறைந்த விளைச்சலையும், தவறான நாற்றால் வந்த இழப்பையும் ஒரே கணக்கில் போட்டால், எதைத் திருத்துவது என்பதே விளங்காது.

பின்னர் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன் மண்ணைப் பரிசோதித்து, நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சுண்ணாம்பு இடலாம். அதனால் அமிலத்தன்மை குறைந்து, மண்ணின் பிஎச் (அமில, கார நிலையைக் காட்டும் அளவு) 7.2 அளவுக்கு உயரும்போது நோயின் வேகம் தணியும்; ஆனால் முற்றாக ஒழியாது. ஆகவே கரட், லீக்ஸ், போஞ்சி ஆகியவற்றை மாற்றிப் பயிரிட வேண்டும். முள்ளங்கியும் நோக்கோலும் கோவாவின் இனமே என்பதால் அவை மாற்றுப் பயிர்கள் ஆகா. சுண்ணாம்பு உண்மையில் பலன் தருகிறதா என்றறிய, ஒரு சிறு பாத்தியை மட்டும் அது இடாமல் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு பயிரில் கற்றதை மற்றொன்றுக்கு அப்படியே கொண்டுசெல்வதும் நட்டத்துக்கு வழிவகுக்கும். கோவாவைக் காத்த அதே சுண்ணாம்பு, உருளைக்கிழங்குத் தோலில் சொறிநோயைக் கூட்டக்கூடும் என்பதால், கிழங்கு நடப்போகும் நிலத்தில் மண்பரிசோதனை முடிவு கிடைக்கும் வரை அதை இடாதீர்கள்.